மலை ஏறுங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க: தோரணமலை போறவங்களுக்கு ஒரு நீள் இழை

1/
மக்களே, தென்காசி வட்டாரத்துல கோயில் கோயிலா சுத்துறவங்க எல்லாருக்கும் இந்த இழை. கொஞ்சம் நீளம்தான். ஆனா உங்க வீட்ல சுகரோ பிரஷரோ இருக்கிற ஒருத்தர் இருந்தா, கடைசி வரைக்கும் படிங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். மலைக்கோயிலுக்குப் போறது தப்பில்ல. வயசானவங்க ஏறக்கூடாதுன்னும் நான் சொல்ல மாட்டேன். ராத்திரி முழுக்கத் தூங்காம வேன்ல வந்து, வெறும் வயித்துல, மாத்திரையையும் நிறுத்திட்டு, ஒரே மூச்சுல ஏறி இறங்குற அந்த "ஒன் டே ட்ரிப்" பழக்கம்தான் தப்பு. பக்தியைக் குறைக்கச் சொல்லல. அவசரத்தைக் குறைக்கச் சொல்றேன்.

2/
பாவூர்சத்திரத்துக்காரங்களுக்கு தோரணமலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்ல. வெளியூர் ஆட்களுக்காகச் சொல்றேன். கடையம் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல, யானை படுத்திருக்கிற மாதிரி ஒரு பாறை மலை. வாரணம்னா யானை. வாரணமலைதான் தோரணமலை ஆச்சுன்னு ஊர்ல சொல்வாங்க. உச்சியில குகைக்குள்ள கிழக்கே பார்த்து முருகன். கீழ இருந்து சுமார் ஆயிரம் படி. மலையில 64 சுனை இருக்கிறதா ஐதீகம்.

இந்த மலைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அகத்தியரும் அவர் சீடர் தேரையரும் இங்க தங்கி மருத்துவம் பார்த்தாங்க, சீடர்களுக்குப் பாடம் சொன்னாங்கன்னு தலமரபு. துறவிகள் மடமாவும் வைத்தியசாலையாவும் ஒரே நேரத்துல இருந்த மலைன்னு வச்சுக்கோங்க.

3/
தேரையர் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தீராத தலைவலியோட வந்த ஒரு ராஜாவுக்கு அகத்தியர் கபாலத்தைத் திறந்து பார்க்கிறார். உள்ளே மூளை மேல ஒரு தேரை உட்கார்ந்திருக்கு. கையால எடுத்தா மூளை சேதமாகும். என்ன செய்யலாம்னு அவர் யோசிக்கும்போது, சீடன் ஒரு பாத்திரத்துல தண்ணி கொண்டுவந்து பக்கத்துல வைக்கிறான். தண்ணியைப் பார்த்ததும் தேரை தானா குதிச்சு வெளிய வந்துடுது. அன்னையில இருந்து அந்தச் சீடனுக்குப் பேர் தேரையர்.

உடனே கமெண்ட்ல "அப்பவே நாங்க நியூரோ சர்ஜரி பண்ணோம்"னு ஒரு கோஷ்டியும், "எல்லாம் புருடா"ன்னு ஒரு கோஷ்டியும் வரும். ரெண்டு பேர் சண்டைக்கும் நான் வரல. எனக்கு அந்தக் கதையில பிடிச்ச விஷயம் வேற. அவசரப்பட்டுக் கையை வைக்கலை பாருங்க, அது. நோயாளியோட உடம்பைக் கவனிச்சு, அதுக்கு ஏத்த மாதிரி நடந்துக்கிறதுதான் வைத்தியம்னு அந்தக் கதை சொல்லுது. அப்படிப்பட்ட மலைக்கு, நம்ம உடம்பு என்ன சொல்லுதுன்னே கேக்காம ஓடி ஏறுறோம்.

4/
எங்க ஊர்ப் பேர்லயே ஒரு பாடம் இருக்கு. பாவூர்'சத்திரம்'. சத்திரம்னா என்ன? வழிப்போக்கர் தங்கிப் போற இடம். கால்நடையாவும் மாட்டுவண்டியிலயும் யாத்திரை போன காலத்துல சத்திரத்துல தங்கணும், சாப்பிடணும், தூங்கணும், மறுநாள் விடிஞ்சதும் கிளம்பணும். அந்த ஓய்வு யாத்திரையில ஒரு பாகமாவே இருந்தது.

இப்ப நம்ம ஒரு நாள் ட்ரிப்போட அட்டவணையைப் பாருங்க. ராத்திரி ஒரு மணிக்கு வேன் கிளம்பும். விடியக்காலம் தோரணமலை. அப்புறம் பண்பொழி திருமலைக்கோயில், இலஞ்சி குமாரர் கோயில், தென்காசி காசி விஸ்வநாதர். மத்தியானம் குற்றாலத்துல குளியல். சாயங்காலம் பார்டர் பரோட்டா. மறுபடி ராத்திரி வேன், மறுநாள் காலையில வேலை. ஊர் பேர்ல சத்திரம் இருக்கு, ஓய்வுதான் இல்ல.

5/
"எங்க தாத்தா எழுபது வயசுல ஏறலையா?"ன்னு கேப்பீங்க. ஏறினார். அவர் தினமும் வயக்காட்டுல நடந்தவர். மலை அவருக்கு இன்னொரு வேலை நாள் மாதிரி. நாம வருஷத்துல 364 நாள் உட்கார்ந்துட்டு, 365வது நாள் ஆயிரம் படி ஏறுறோம். வித்தியாசம் வயசுல இல்ல, பழக்கத்துல.

இதை நான் சும்மா சொல்லல. 1993ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு பிரபலமான ஆய்வு வந்தது. அமெரிக்காவுல மாரடைப்பு வந்த 1,228 பேர்கிட்ட, அட்டாக் வர்றதுக்கு முன்னாடி என்ன செஞ்சுகிட்டிருந்தீங்கன்னு கேட்டாங்க. கடுமையான உடல் உழைப்புக்கு அடுத்த ஒரு மணி நேரத்துல மாரடைப்பு வர்ற வாய்ப்பு, சாதாரண நேரத்தைவிட சுமார் 6 மடங்கு.

இது எல்லாரையும் சேர்த்துப் பார்த்தா வர்ற கணக்கு. பிரிச்சுப் பார்த்தாதான் விஷயம் புரியும். வாரத்துல 5 நாளோ அதுக்கு மேலயோ உடற்பயிற்சி செய்றவங்களுக்கு 2.4 மடங்கு. வாரத்துல ஒரு நாள்கூட செய்யாதவங்களுக்கு 107 மடங்கு. ஆமா, நூத்தி ஏழு.

பயந்துடாதீங்க. ஒரு தனி ஆளுக்குக் குறிப்பிட்ட ஒரு மணி நேரத்துல மாரடைப்பு வர்ற வாய்ப்பு ரொம்ப ரொம்பச் சின்னது. அதை 107 ஆல் பெருக்கினாலும் பெரும்பாலானவங்க பத்திரமாத்தான் இறங்கி வருவாங்க. ஆனா விசேஷ நாள்ல ஆயிரக்கணக்குல ஏறுறாங்க. அதுல கணிசமானவங்களுக்கு சுகர், பிரஷர், புகைப்பழக்கம். அப்ப அந்தச் சின்ன வாய்ப்பு யாரோ ஒருத்தர் வீட்ல இழவா மாறிடுது.

6/
இந்த ஏரியாவுல யார் மலை ஏறுறாங்கன்னும் யோசிச்சுப் பாருங்க. கீழப்பாவூர், பாவூர்சத்திரம் சுத்துவட்டாரத்துல பீடி சுத்துற அக்காமார் எத்தனை பேர்! மடியில முறத்தை வச்சுகிட்டு, காலை மடக்கி, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் உட்கார்ந்த இடத்துலயே வேலை. நிறைய பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 7, 8ன்னு இருந்தாலும் "லேசா களைப்பா இருக்கு"ன்னுதான் சொல்லுவாங்க. அப்புறம் காய்கறி மார்க்கெட் கமிஷன் கடை, மரக்கடை, பலசரக்குக் கடைன்னு கல்லாவுல உட்கார்ந்திருக்கிற அண்ணாச்சிமார். நாள் பூரா ஸ்டீரிங் பிடிக்கிற டிரைவர்கள்.

இவங்க யாரும் சோம்பேறிங்க இல்ல. உழைச்சு உழைச்சு ஓய்ஞ்சவங்க. ஆனா அவங்க உழைப்பு விரலுக்கு, முதுகுக்கு. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அதுல பயிற்சி கிடைக்கிறதில்ல. ரத்தம் கம்மியா இருக்கிற உடம்புல ஆக்சிஜன் தூக்கிட்டுப் போற வண்டிகளும் கம்மி. இதயம் ரெண்டு மடங்கு ஓடி அதைச் சரிக்கட்டப் பார்க்கும். அந்த நிலைமையில ஆயிரம் படின்னா, மயங்கி விழுறதுல ஆச்சரியமே இல்ல.

7/
இனி முக்கியமான விஷயம். விரதமும் மாத்திரையும்.

அரசு மருத்துவமனை ஓபியில திருவிழா சீசன் வந்தாலே இந்தப் பேச்சு வரும்.

"டாக்டரம்மா, மலைக்கு மாலை போட்டிருக்கேன்லா. மாத்திரை போட்டா விரதம் தப்பிராதா?"

"தண்ணி குடிக்கீங்களா?"

"அது குடிப்பேம்லா."

"அந்தத் தண்ணியோட மாத்திரையும் உள்ள போகட்டும், அண்ணாச்சி."

சிரிச்சிட்டுப் போவாங்க. ஆனா எத்தனை பேர் நிஜமா போடுறாங்கன்னு தெரிஞ்சுக்க, விரதம் முடிஞ்சு அடுத்த முறை வரும்போது பிபி பார்த்தா போதும். 180, 190ன்னு நிக்கும்.

என் கருத்து இது: மாத்திரை உணவு இல்ல. ருசிக்காக யாரும் அம்லோடிபின் சாப்பிடுறதில்ல. விரதம்ங்கிறது ஆசையை அடக்கத்தான். ரத்த அழுத்தத்தை அடக்குற மாத்திரையை நிறுத்துறது விரதக் கணக்குல வராது. சந்தேகம் இருந்தா உங்க குருசாமிகிட்டயே கேளுங்க. அவங்க சொன்னா நாங்க சொல்றதைவிட நூறு மடங்கு எடுபடும். குருசாமிகளே, இதைப் படிச்சீங்கன்னா, மாலை போடும்போதே "மாத்திரையை நிறுத்தக் கூடாது"ன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்க. புண்ணியமா போகும்.

8/
எந்த மாத்திரைக்கு என்ன பிரச்சனை? சுருக்கமா:

பிரஷர் மாத்திரை: நிறுத்தினா பிபி ஏறும். அதுலயும் அட்டெனலால், மெட்டோபிரலால் வகையைத் திடீர்னு நிறுத்தினா இதயத்துடிப்பு எகிறும், நெஞ்சுவலி வரலாம். இதை ஒரு நாள்கூட நிறுத்தாதீங்க.

ஸ்டென்ட் வச்சவங்க: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் நிறுத்தினா ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறையலாம். அதுவே இன்னொரு அட்டாக். உங்க இதய டாக்டரைக் கேக்காம மலைப்பக்கமே போகாதீங்க.

சுகர் மாத்திரை: இங்கதான் பிரச்சனை தலைகீழ். சாப்பிடாம இருந்துட்டு கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போட்டாலோ, இன்சுலின் போட்டாலோ சுகர் திடீர்னு இறங்கிடும். வேர்வை, கை நடுக்கம், குழப்பமான பேச்சு, மயக்கம். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தா அப்படி ஆகுறது அபூர்வம். டாபாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை சிறுநீர் வழியா சுகரை வெளியேத்தும், கூடவே தண்ணியும் போகும். பட்டினியோட சேர்ந்தா ஆபத்து.

அதனால சுகர்காரங்க மாத்திரையை நீங்களா நிறுத்தவும் வேண்டாம், பட்டினி கிடந்து நீங்களா போடவும் வேண்டாம். போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி டாக்டரைப் பாருங்க. அளவையும் நேரத்தையும் மாத்தித் தருவாங்க. 2021 ஆகஸ்ட்ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பார்த்து மாத்திரை தர்றாங்க. அந்தத் தங்கச்சிகிட்டயே "மலைக்குப் போறேன்"னு சொல்லுங்க, வழி சொல்லுவாங்க.

9/
"நான் ஏறலாமா, வேண்டாமா?" எப்படித் தெரிஞ்சுக்கிறது?

காசு செலவில்லாத ஒரு சோதனை. நிக்காம ரெண்டு மாடி ஏறிப் பாருங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க மருந்து டாக்டர்கள் கேக்கிற கேள்வியே இதுதான்: "ரெண்டு மாடி ஏறுவீங்களா?" நெஞ்சு இறுக்கமோ, பேச முடியாத மூச்சு வாங்கலோ வந்தா, மலை இப்போதைக்கு வேண்டாம். முதல்ல ஆஸ்பத்திரி. இசிஜி, ஹீமோகுளோபின், சுகர் எல்லாம் அரசு மருத்துவமனையில இலவசம்.

நல்லா ஏறினீங்களா? அப்படியும் ஆயிரம் படிக்கு உடனே கிளம்பிடாதீங்க. எட்டு வாரம் எடுத்துக்கோங்க. முதல் ரெண்டு வாரம் தினமும் அரை மணி நேரம் நடை. அடுத்து கொஞ்சம் வேகம். அப்புறம் படி. மாலை போடுறவங்களுக்கு 48 நாள் விரதம் புதுசில்லையே? அந்த 48 நாளும் விடியக்காலம் குளிச்சிட்டு நடக்கவும் செய்யுங்க. 107 மடங்கு ஆபத்தைப் படிப்படியா இறக்குற மருந்து இதுதான். மருந்துக்கடையில கிடைக்காது.

10/
ஏறுற அன்னைக்கு:

முந்தின ராத்திரி பக்கத்துல எங்கயாவது தங்கித் தூங்குங்க. தென்காசியிலயோ குற்றாலத்துலயோ ஒரு ரூம் எடுக்கிற காசு ஆஸ்பத்திரிச் செலவைவிடக் கம்மி.

வெயிலுக்கு முன்னாடி ஏறுங்க. தண்ணி கையில இருக்கட்டும். சுகர்காரங்க பாக்கெட்ல நாலு கடலைமிட்டாயும் கொஞ்சம் சர்க்கரையும்.

பேசிகிட்டே ஏறுங்க. பேச முடியலன்னா வேகம் அதிகம். நின்னுடுங்க. "நடுவுல உட்கார்ந்தா பலன் போயிடும்"னு யாராவது சொன்னா, அவங்களையும் பக்கத்துல உட்கார வைங்க.

இறங்கும்போதுதான் முட்டி அடி வாங்கும். ஒவ்வொரு படிக்கும் உடம்பு எடையைவிட அதிகமான பாரம் முட்டியில இறங்குது. கைப்பிடி இருக்கிற பக்கம் இறங்குங்க, குதிக்காதீங்க.

இறங்கி வேர்த்து வழியுற உடம்போட நேரா அருவியில தலையைக் கொடுக்காதீங்க. ஒரு மணி நேரமாவது ஆறட்டும். போலீஸ் தடை போட்டிருந்தா மதிங்க. 2024 மே 17 அன்னைக்குப் பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தன் போனான். மலையில பெய்யுற மழை கீழ நிக்கிறவங்களுக்குத் தெரியாது.

11/
இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

நடு நெஞ்சுல பாரம், அழுத்தம், எரிச்சல். இடது கை, தாடை, முதுகுக்குப் பரவுற வலி. குளிர்ந்த வேர்வை. வாந்தி. சுகர்காரங்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாம வெறும் மூச்சுத்திணறலும் அசதியுமா வரலாம்.

இதுக்குப் பேர் வாய்வு இல்ல. கேஸ் இல்ல. சோடா வாங்கிக் குடுக்காதீங்க. "மெதுவா நடந்து இறங்கிடலாம்"னு நடக்க வைக்காதீங்க. அங்கேயே சாய்ச்சு உட்கார வைங்க, 108 கூப்பிடுங்க, தூக்கி இறக்குங்க. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல 2023ல் இருந்து "இதயம் காப்போம்" திட்டத்துல முதல் கட்ட மாத்திரைகளைக் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க. ரத்தம் உறையாம தடுக்கிற அந்த மாத்திரைகள் எவ்வளவு சீக்கிரம் உள்ள போகுதோ அவ்வளவு நல்லது. திருநெல்வேலிக்கே நேரா போறோம்னு வழியில இருக்கிற சுகாதார நிலையத்தைத் தாண்டிடாதீங்க.

மயங்கி, மூச்சும் பேச்சும் இல்லன்னா, நடு நெஞ்சுல ரெண்டு கையையும் வச்சு வேகமா, ஆழமா அழுத்துங்க. நிமிஷத்துக்கு 100ல் இருந்து 120. உதவி வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. விலா எலும்பு உடையுமோன்னு பயப்படாதீங்க. எலும்பு கூடிடும்.

12/
சரி, எல்லாத்தையும் மக்கள் தலையிலயே கட்டிடலாமா? கூடாது.

2024 சீசன்ல வெள்ளியங்கிரி ஏறின பக்தர்கள் அடுத்தடுத்து இறந்த செய்தி எல்லாரும் படிச்சோம். 2015 மே மாசம் சதுரகிரியில காட்டாறு வெள்ளத்துல பக்தர்கள் போனாங்க. ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் பேசுறோம். அப்புறம் "இதய நோயாளிகள் ஏற வேண்டாம்"னு ஒரு போர்டு. தனக்கு இதய நோய் இருக்குன்னே தெரியாதவங்களுக்கு அந்த போர்டு எப்படி உதவும்?

நம்ம புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டி சபரிமலை போறவங்களுக்குத் தெரியும். பம்பையில இருந்து சன்னிதானம் வரைக்கும் கேரள சுகாதாரத் துறை சீசன்ல அவசர மருத்துவ மையங்களை வரிசையா வச்சிருக்கு. நீலிமலை, அப்பாச்சிமேடுன்னு ஏத்தம் கடுமையா இருக்கிற இடத்துல இதய சிகிச்சை வசதி, வழியில ஆக்சிஜன் பார்லர். அங்கயும் மரணங்கள் நடக்கத்தான் செய்யுது. ஆனா மயங்கினவர் டாக்டர் கைக்கு வர்றது நிமிஷக் கணக்குல நடக்குது. நம்ம அறநிலையத் துறையும் பெரிய கோயில்கள்ல மருத்துவ மையங்கள் தொடங்கியிருக்கு. அது சின்ன மலைக்கோயில்களுக்கும் விசேஷ நாள்லயாவது வரணும்.

நான் கேக்கிறது பெரிய ஆஸ்பத்திரி இல்ல. அடிவாரத்துல ஒரு மேஜை, பிபி கருவி, சுகர் பார்க்கிற கருவி, ஒரு செவிலியர். பாதி மலையில நிழலும் தண்ணியும் உட்கார இடமும். இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற ஏஇடி கருவி ஒண்ணு. ஸ்ட்ரெச்சர் தூக்கவும் நெஞ்சை அழுத்தவும் பழகின பத்து உள்ளூர் இளைஞர்கள். படிக்கட்டுக் கடைக்காரங்களுக்கும் அதே பயிற்சி. முதல்ல ஓடி வர்றது அவங்கதானே.

13/
"மெடிக்கல் சர்டிபிகேட் இருந்தாத்தான் ஏற விடணும்"னு சிலர் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். அடுத்த வாரமே அது ஐம்பது ரூபாய்க்கு வாங்குற காகிதமாயிடும். பார்க்காமலே கையெழுத்துப் போட ஆள் கிடைப்பாங்க. அப்படியே ஒழுங்கா நடந்தாலும், ஒரு நாள் பீடிக் கூலியை விட்டுட்டு க்யூவுல நிக்க முடியாத அக்காவுக்குத்தான் முதல்ல கதவு மூடும். தடை வேண்டாம். அடிவாரத்துல இலவசமா பார்த்து, "இன்னைக்கு பிபி 200, ரெண்டு வாரம் மாத்திரை போட்டுட்டு வாங்கம்மா, முருகன் இங்கயேதான் இருப்பார்"னு சொல்ற ஒரு ஆள் போதும்.

"சாமி பாத்துக்குவார்"னு சொல்றவங்ககிட்டயும் எனக்குச் சண்டையில்ல. எத்தனையோ பேருக்கு அந்த நம்பிக்கைதான் தெம்பு. வீட்டுக்காரர் குடி, மகளோட கல்யாணக் கடன்னு மனசுல பாரத்தோட ஏறி, உச்சியில ஐஞ்சு நிமிஷம் காத்து வாங்கிட்டு இறங்குற அம்மாவுக்கு அந்த ஐஞ்சு நிமிஷத்தை என்னால மாத்திரையில தர முடியாது. அதனாலதான் ஏறாதீங்கன்னு நான் சொல்லல. அடுத்த வருஷமும் ஏறணும், அதுக்கு அடுத்த வருஷமும் ஏறணும். அதுக்கு உடம்பு வேணும்.

ஏற முடியாத உடம்புன்னு டாக்டர் சொல்லிட்டாரா? அடிவாரத்துல நின்னு கும்பிடுங்க. பண்பொழி திருமலைக்கு மேல வரைக்கும் வண்டிப் பாதை இருக்கு. பழனியில விஞ்ச் 1966ல் இருந்தும் ரோப் கார் 2004ல் இருந்தும் ஓடுது. அதுல போனா முருகன் கோவிச்சுக்கிறாரா என்ன?

14/
வீட்ல யாராவது மலைக்குக் கிளம்புறாங்கன்னா இன்னைக்கே மூணு கேள்வி கேளுங்க.
மாத்திரையைத் தொடர்ந்து போடுறீங்களா?
ரெண்டு மாடி ஏற முடியுதா?
முந்தின ராத்திரி எங்க தூங்கப் போறீங்க?

மூணுல ஒண்ணுக்குப் பதில் வரலைன்னா, தேதியைத் தள்ளிப் போடச் சொல்லுங்க. இந்த இழையை உங்க வேன் ட்ரிப் வாட்ஸ்அப் குரூப்ல போட்டு விடுங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, டூட்டி முடிஞ்சதும் பதில் போடுறேன்.